பவரக்கா தேடுதலை நிறுத்திய நாள்

எங்கள் அறையில் ஏழாயிரம் மூக்குக்கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய மூக்கின் மேல் உட்கார்ந்திருந்தது. பவர் மாறியவர்கள், புதிது வாங்கியவர்கள், காலமாகிப்போன அப்பாவின் அலமாரியைக் காலி செய்தவர்கள் என்று பலரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவற்றைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைப்பது என் வேலை. கழுவியதை ஒரு கருவியில் வைத்துப் பவர் பார்த்து, துண்டுச் சீட்டில் எழுதிக் கட்டி, எண் போட்ட அட்டைப் பெட்டிகளில் அடுக்குவோம். புதுக் கண்ணாடி வாங்க வசதியில்லாதவர்கள் டாக்டர் எழுதிய சீட்டோடு வருவார்கள். அந்தப் பவருக்குப் பொருந்துகிற கண்ணாடி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதைச் சொல்ல வைப்பவர் பவரக்கா.

வருகிற எல்லோரிடமும் முதலில் "பவர் என்ன?" என்று கேட்பார். அப்படிக் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் தொண்டு அமைப்பின் செயலாளர் ஒருமுறை வேடிக்கையாக, "இந்த ஆபீஸ்ல பவர் எல்லாம் உங்ககிட்டதான் இருக்கு" என்றார்.

"எனக்கு இருக்கிறது மைனஸ் பவர் சார்" என்றார் அக்கா. "வலது ஒன்பது, இடது பதினொண்ணு."

சின்ன வயதில் அவரைப் பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிடுவார்களாம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பார்சல் ஆபீசில் எடை எழுதுகிற வேலையில் பதினாறு வருஷம் இருந்தார். மூட்டையைத் தராசில் வைத்ததும் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். ஒருநாள் ஒரு மூட்டை சரிந்து, கண்ணாடி கீழே விழுந்து, அதன் மேலேயே இன்னொரு மூட்டையும் விழுந்தது. அவர் வீட்டுக்காரர் வேலை செய்த பேக்கரியும் அப்போது மூடியிருந்த நேரம். அவ்வளவு கனத்த கண்ணாடியைப் புதிதாகச் செய்ய வழியில்லை. முள் தெரியாதவருக்குத் தராசடியில் என்ன வேலை? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்போதுதான் அவர் எங்கள் அறைக்கு முதல்முறையாக வந்தார். வீட்டுக்காரர் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கூட்டிவந்தார். அன்று இருக்கையில் இருந்தவர் வேறொருவர். சீட்டை வாங்கிக்கொண்டு, "இப்ப இல்லம்மா, தேடிக்கிட்டே இருக்கோம், கிடைச்சதும் சொல்றோம்" என்றார். அடுத்த மாதம் வந்தார்கள். தேடிக்கிட்டே இருக்கோம். அதற்கடுத்த மாதமும் அதே பதில்தான். இப்படிப் பதினோரு மாதம்.

பன்னிரண்டாவது தடவை அக்கா தனியாக வந்தார். எப்படி ரோட்டைக் கடந்தார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். "நானே தேடிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக மடியில் வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டுக் கழற்றினார். நான் அப்போது கண்ணாடி கழுவும் இதே தொட்டியடியில் இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் பதினேழாம் நம்பர் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டவர், கழற்றவே இல்லை. அப்படியே உட்கார்ந்து சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கை ரேகையைப் பார்த்தார். பிறகு மேஜைக் காலடியைப் பார்த்தார். அந்த மேஜை ஆடும் என்பதற்காக ஒரு காலுக்கடியில் நாலாக மடித்த காகிதம் வைத்திருந்தார்கள். குனிந்து எடுத்துப் பிரித்தார். அவர் பதினோரு மாதத்துக்கு முன்னால் கொடுத்த சீட்டு அது.

நானாக இருந்தால் அழுதிருப்பேன். வேறொருவர் சண்டை போட்டிருப்பார். அக்கா அந்தச் சீட்டைத் தட்டி மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு நேராகச் செயலாளர் அறைக்குப் போனார். "சார், எனக்கு இங்க ஒரு வேலை குடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். கதவைத் திறந்த வீட்டுக்காரரைப் பார்த்து, "என்னங்க இது, இவ்வளவு நரைச்சிடுச்சா?" என்றாராம். "நீ பார்க்கலங்கிற தைரியத்துல இருந்தேன்" என்றாராம் அவர்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டரைத் துணியால் துடைப்பதோடு எனக்கும் அதற்கும் உள்ள உறவு முடிந்தது. அக்காவும் முதல் நாள் அதைப் பார்த்து மிரண்டவர்தான். ஆனால் ஒரு விரலால் தட்டித் தட்டி, ஆறு மாதத்தில் பத்து விரலும் பழகிவிட்டது. அந்தக் கண்ணாடிக் கணக்கை வைத்திருக்கும் டேட்டாபேஸை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பெரிய பதிவேட்டை, ஓய்வுபெற்ற ஒரு இன்ஜினியர் இலவசமாகச் செய்துகொடுத்தார். செய்துகொடுத்துவிட்டு மகள் இருக்கும் தூரதேசத்துக்குப் போய்விட்டார். அதில் கண்ணாடி கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு, அந்தப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கட்டத்தை ஒட்டி 'கிடைக்கும்வரை தேடு' என்று எழுதியிருந்தது.

அக்காவுக்கு அந்தக் கட்டம் வரமாகப் பட்டது.

"இனிமே இந்த ரூம்ல யார்கிட்டயாவது தேடிக்கிட்டே இருக்கோம்னு சொன்னா, நிஜமாவே தேடிக்கிட்டு இருக்கணும்" என்றார் என்னிடம். அதன்படியே செய்தார். பொருந்தும் கண்ணாடி இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போடுவார். வந்தவரிடம் திரையைத் திருப்பிக் காட்டி, "பாருங்க, தேடிக்கிட்டே இருக்கு" என்பார். பார்வை சரியில்லாதவர்களுக்குத் திரையில் என்ன தெரியும்? ஆனாலும் தலையாட்டிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். எனக்கும் அது நல்ல காரியமாகத்தான் தெரிந்தது. சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது என்று நினைப்பதில் என்ன தப்பு இருக்க முடியும்?

முதல் வருஷம் பெட்டி எண் கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. இரண்டாம் வருஷம், சீட்டைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்து வந்தால் வந்திருக்கும். நாலாம் வருஷத்தில் ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. கம்ப்யூட்டர்ப் பெட்டிக்குள் இருக்கும் விசிறி காலையில் போட்டதிலிருந்து சாயங்காலம் நிறுத்தும்வரை மிக்ஸி ஓடுவதுபோல இரைந்தது. பேசினால் காது கேட்காது. மேல்மூடியில் கை வைத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி சுட்டது. ஒரு நாளைக்கு எட்டுப் பேரைத்தான் பார்க்க முடிந்தது. மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

புதிதாக வருகிற கண்ணாடிகளைப் பதிவதும் நின்றுபோனது. ஒன்றைப் பதியப் பத்து நிமிஷம் ஆனால் யார் உட்காருவது? நான் கழுவி, பவர் பார்த்துச் சீட்டுக் கட்டிய கண்ணாடிகள் மூன்று பிளாஸ்டிக் கூடைகளில் சுவரோரம் சேர்ந்துகொண்டே இருந்தன. எட்டு மாதத்துச் சேர்மானம். செயலாளர் வரும்போதெல்லாம் அதில் கால் இடித்துக்கொள்வார்.

அவர் கெட்டவரில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை வந்து, மேஜைக்கு முன்னால் நின்றபடியே சொன்னார்.

"சனிக்கிழமை நிர்வாகக் குழு கூடுது. இந்த ரூமை என்ன பண்றதுன்னு கேட்பாங்க. தானமா வந்த சக்கர நாற்காலி வைக்க இடமில்லாம வராண்டாவுல நனையுது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர்னா எதுக்கு இவ்வளவு பெரிய ரூம்னு கேட்டா, நான் என்ன சொல்ல?"

"கண்ணாடியெல்லாம் சார்?" என்றார் அக்கா.

"பிளாஸ்டிக் எடுக்கிறவங்ககிட்ட குடுத்துடலாம்னு ஒரு பேச்சு இருக்கு."

"காத்துக்கிட்டு இருக்கிறவங்க முந்நூத்தி எண்பத்தாறு பேர் இருக்காங்க சார்."

"நாலு வருஷமா தேடி என்ன கிடைச்சுது?"

அக்கா பர்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று வழக்கம்போல வாட்ச் ரிப்பேர்காரர் வந்திருந்தார். முப்பது வருஷம் கடை வைத்திருந்தவர். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகி, இரண்டு கண்ணின் பவரும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். அந்த மாதிரி ஜோடி லேசில் கிடைக்காது. இரண்டரை வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் வந்து பெஞ்சில் உட்காருவார்.

"என்னம்மா, இன்னும் தேடுறீங்களா?"

"தேடிக்கிட்டே இருக்கு ஐயா."

"அதுக்கே ஒரு கண்ணாடி போட்டு விடுங்க. பாவம், கண்ணு தெரியாம தேடுது போல."

செயலாளர் அனுப்பிய மெக்கானிக் அன்று மத்தியானம் வந்தார். பருத்த உடம்பு, மெதுவான பேச்சு. திரையில் ஒரு ஜன்னலைத் திறந்து, உள்ளே ஓடுகிற வேலைகளின் பட்டியலைக் காட்டினார்.

"இதப் பாருங்க அக்கா. கம்ப்யூட்டருக்குள்ள பிராசசர்னு ஒண்ணு இருக்கு. சமையல்காரர்னு வெச்சுக்கோங்க. ஒரே ஆளு. எல்லாருக்கும் அவர்தான் செஞ்சு போடணும். உங்க டேட்டாபேஸ் மட்டும் அவரோட நேரத்துல தொண்ணூத்தெட்டு சதவீதத்தைப் பிடிச்சு வெச்சுக்குது. மத்த எல்லாருக்கும் சேர்த்து ரெண்டு."

"அப்படி என்ன சாப்பிடுது?"

"அது தெரியல. மிஷின் பழசு. மாத்திப் பார்ப்போம்."

மறுநாள் புது மிஷின் ஒன்றை இரவலாகக் கொண்டுவந்து, டேட்டாபேஸை அதற்கு மாற்றினார். புது மிஷின் பத்து நிமிஷம் சமர்த்தாக இருந்தது. பிறகு அதன் விசிறியும் இரைய ஆரம்பித்தது. ஜன்னலைத் திறந்தார். தொண்ணூற்றேழு.

"அப்ப மிஷின் மேல பழி இல்ல" என்றார். "உங்க ப்ரோக்ராம்லயே ஏதோ கோளாறு. எழுதினவரு வந்துதான் பார்க்கணும்."

அவர் புது மிஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அக்கா பழைய மிஷின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிரவு நான் வீட்டில் விளக்கேற்றி ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன். அந்த அறை போகக் கூடாது என்று கேட்கவில்லை. எது சரியோ அதை அக்காவின் கண்ணுக்குக் காட்டு என்று மட்டும் கேட்டேன்.

புதன்கிழமை காலை அக்கா வந்ததும் ஒன்று சொன்னார். பார்சல் ஆபீசில் பதினாறு வருஷம் இருந்தவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

"ஒரு ஆளு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் மூச்சு வாங்குறான்னா, ஏதோ மூட்டை தூக்குறான்னுதானே அர்த்தம்? கோளாறுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. எந்த மூட்டைன்னு யாரும் பார்க்கல."

வாட்ச்காரரின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பக்கத்தின் கீழ்மூலையில் 'சு.எ.' என்று போட்டு ஒரு எண் இருக்கும். எல்லோருடைய பக்கத்திலும் உண்டு. அது சுகாதார எண் என்று நாங்கள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஏதோ நம்பர் என்று. யாராவது கேட்டால் அப்படித்தான் விளக்கமும் சொல்வோம். ஒருவர் அதை மெனக்கெட்டு எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திட்டு வாங்கிவந்ததும் உண்டு.

நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா கூப்பிட்டார்.

"இங்க வா. இந்த நம்பரைப் படி."

"பத்தொன்பதாயிரத்து முந்நூத்தி பதினொண்ணு."

"அப்படியே பார்த்துக்கிட்டே இரு."

நின்று பார்த்தேன். கையில் இருந்த ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டி என் காலை நனைத்தது. ரொம்ப நேரம் கழித்து எண் மாறியது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சுகாதார எண் எங்கயாச்சும் ஓடுமா?" என்றார் அக்கா.

முதன்முதலாகச் சேர்த்தவரின் பக்கத்தைத் திறந்தார். அறுபத்தோராயிரத்துச் சொச்சம். போன வாரம் சேர்த்தவருக்கு நாற்பது. அக்கா வாய்க்குள் முணுமுணுத்தார். "சு.எ. சு.எ. சுற்று." பிறகு உரக்கச் சொன்னார். "சுற்று எண்ணிக்கை. இவருக்காக இந்த மிஷின் ஏழாயிரம் கண்ணாடியையும் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பத்தொன்பதாயிரம் தடவை பார்த்திருக்கு. முடிஞ்சதும் மறுபடி முதல்லேர்ந்து. முந்நூத்தி எண்பத்தாறு பேருக்கும் இப்படியே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் சீப்பு காணாம போனா நானும் அப்படித்தான் அக்கா. அதே டிராயரைப் பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். பத்தாவது தடவையும் அது அங்க இருக்காது."

அக்கா சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"சீப்பு அக்கா."

"இந்த எட்டு மாசத்துல டேட்டாபேஸுக்குள்ள புதுசா எத்தனை கண்ணாடி போயிருக்கு?"

"எங்க போச்சு? நான் கழுவினதெல்லாம் அந்தக் கூடையிலதானே இருக்கு. பதியாம அதுக்குள்ள எப்படிப் போகும்?"

சொல்லி முடித்ததும் எனக்கே விளங்கியது. இருவரும் சேர்ந்து சுவரோரம் பார்த்தோம். மூன்று கூடைகள். ஐந்நூறுக்கு மேல் கண்ணாடிகள். மிஷின் இல்லாத இடத்தில் லட்சக்கணக்கான தடவை தேடிக் களைத்ததால்தான் இவற்றைப் பதிய நேரமில்லாமல் போனது. இவற்றைப் பதியாததால்தான் அது தேடித் தேடியும் எதுவும் கிடைக்கவில்லை.

"நான்தான்" என்றார் அக்கா. "கோளாறு ப்ரோக்ராம்ல இல்ல. நான் போட்ட டிக்ல."

வாட்ச்காரரின் கட்டத்தின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தார். டிக்கை எடுக்க வேண்டியதுதான். ஆனால் விரல் அழுத்தவில்லை.

"எடுத்துட்டா தேடல் நின்னு போயிடும்" என்றார். "திங்கக்கிழமை வந்து கேட்பாரு. தேடிக்கிட்டே இருக்குன்னு சொல்ல முடியாது. சொன்னா, என் சீட்டை மேஜைக் காலுக்கடியில வெச்சவங்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

அவருக்குப் புத்தி சொல்கிற படிப்போ வயசோ எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"அக்கா, நான் தினமும் காலையில சாமி கும்பிடுறேன். ஒரு தடவைதான் கேட்பேன். நாள் முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருந்தா தொட்டியடிக்கு யாரு வர்றது? ஒரு தடவை சொன்னது அவர் காதுல விழுந்திருக்கும், நேரம் வரும்போது அவர் மறக்கமாட்டார்னு நம்பித்தானே எழுந்து வர்றேன். நீங்களும் மறக்கமாட்டீங்க. புதுசா ஒண்ணு பதிஞ்சா இவங்களுக்கு முதல்ல பாருங்க. பதியாத நாள்ல எதுக்குப் பார்க்கணும்?"

அக்கா பர்ஸிலிருந்து அந்தப் பழைய சீட்டை எடுத்து, திரைக்குக் கீழே, கண்ணில் படும்படி சாய்த்து வைத்தார்.

"அப்ப வார்த்தையை மாத்திக்கலாம்" என்றார். "தேடிக்கிட்டே இருக்கோம்னு இனிமே சொல்ல வேணாம். புதுசா வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் பார்ப்போம்னு சொல்லலாம். அதைக் காப்பாத்த முடியும்."

டிக்கை எடுத்தார்.

முந்நூற்று எண்பத்தாறு டிக். ஒரு பக்கம் திறக்கவே முதலில் மூன்று நிமிஷம் ஆனது. ஐம்பது எடுத்ததும் இரண்டு நிமிஷம். நூற்றைம்பதைத் தாண்டியதும் அக்காவின் கை வேகத்துக்கு மிஷின் ஈடுகொடுக்க ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டோம். கடைசி டிக்கை எடுத்தபோது மணி நாலு இருக்கும். விசிறியின் இரைச்சல் மெல்லக் கீழிறங்கி, முனகலாகி, நின்றேவிட்டது.

அறை அப்படியே அமைதியாயிற்று. என் தொட்டிக் குழாய் சொட்டுவது கேட்டது. சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. படிக்கட்டில் இருந்தவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கரண்ட் போச்சா?" என்றார்.

அக்கா மெக்கானிக் காட்டிய ஜன்னலைத் திறந்தார். தொண்ணூற்றெட்டு இருந்த இடத்தில் மூன்று.

"சமையல்காரர் உட்கார்ந்துட்டார்" என்றேன்.

"உட்காரட்டும். நாளைக்குப் பந்தி இருக்கு" என்றார்.

வியாழனும் வெள்ளியும் நாங்கள் இருவரும் தலை நிமிரவில்லை. நான் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சீட்டைப் படிப்பேன். வலது இவ்வளவு, இடது இவ்வளவு, லென்ஸின் சாய்வு இவ்வளவு. அக்கா தட்டுவார். முன்பு பத்து நிமிஷம் ஆனது இப்போது நான் அடுத்த கண்ணாடியை எடுப்பதற்குள் முடிந்துவிடும். "சீக்கிரம் படி, கை சும்மா இருக்கு" என்று என்னை விரட்டினார். நான் ஒரு பிளஸ்ஸை மைனஸ் என்று படித்துவிட்டு, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துத் திருத்தினேன். "மாத்திப் படிச்சியோ, வாங்கிட்டுப் போறவரு கதவுக்குப் பதிலா சுவர்ல போய் முட்டுவாரு" என்றார். இதற்கிடையில் படிக்கட்டு வரிசையும் நகர்ந்தது. வந்தவர்கள் உட்காரும் முன்னே பெட்டி எண் வந்தது. ஒரு அம்மா சந்தேகப்பட்டு, "நல்லாத் தேடினீங்களா? இன்னொரு தடவை நிதானமா தேடுங்களேன்" என்றார்.

வெள்ளி மத்தியானம் மூன்று கூடையும் காலி. ஐந்நூற்று முப்பத்திரண்டு. அக்கா கை துடைத்துக்கொண்டு, காத்திருப்பவர்களின் பக்கங்களை முதலிலிருந்து திறந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முறை தேடச் சொன்னார். ஒரு சுற்று. அவ்வளவுதான்.

முதல் பதினொரு பேருக்கு இல்லை. பன்னிரண்டாவது பக்கத்தில் ஒரு எண் வந்தது. அக்கா எண்ணை மட்டும் சொன்னார். நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். பிறகு இருபதாவது. பிறகு இருபத்தொன்று, இருபத்திரண்டு இரண்டும் சேர்ந்தாற்போல. நான் பெட்டிக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து கால் கடுத்தது. அப்படியொரு கால் வலியைக் கடவுள் எனக்குத் தினமும் தரட்டும்.

நூற்று நாற்பத்து மூன்றாவது பக்கம் வாட்ச்காரருடையது. ஒரு கண் பிளஸ், ஒரு கண் மைனஸ். எண் வந்தது. எனக்கு அந்தக் கண்ணாடி நினைவிருந்தது. தங்க நிறச் சட்டம், ஒரு கால் கொஞ்சம் வளைந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் கழுவும்போது, இதென்ன இப்படி ஒன்றுக்கொன்று எதிராக இருக்கிறது, யாருக்கு ஆகும் என்று நினைத்துக் கூடையில் போட்டிருந்தேன். அவர் திங்கட்கிழமை வந்து உட்காரும் பெஞ்சுக்கும் அந்தக் கூடைக்கும் நாலடிதான் இருக்கும்.

மொத்தம் நாற்பத்து மூன்று பேருக்குக் கிடைத்தது. அக்கா போனை எடுத்தார். சாயங்காலம் ஐந்தரைவரை எல்லோருக்கும் பேசினார். இரண்டு போன் எண்கள் மாறிப்போயிருந்தன. ஒரு வீட்டில் மகள் எடுத்து, அப்பா போன மாதம் தவறிவிட்டார் என்றாள். அக்கா அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, பெட்டியில் போடாமல் மேஜை ஓரத்தில் வைத்தார். மற்ற நாற்பது பேரிடமும் ஒரே வாக்கியம்தான். "உங்க கண்ணாடி வந்திருக்கு, நாளைக்குக் காலையில வாங்க."

சனிக்கிழமை பத்து மணிக்குக் குழு வந்தது. செயலாளரும் இன்னும் நாலு பேரும். கதவுக்கு வந்தவர்களால் சுலபமாக உள்ளே நுழைய முடியவில்லை. நாற்பது பேர், அவர்களைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தவர்கள் நாற்பது பேர். பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, படிக்கட்டு நிறைந்திருந்தது. செயலாளர் வழக்கமாகக் கால் இடிக்கும் இடத்தில் ஜாக்கிரதையாகக் காலைத் தூக்கி வைத்தார். கூடை அங்கே இல்லை. தூக்கிய கால் சும்மா இறங்கியது.

"என்ன கூட்டம் இது?"

"தேடிக்கிட்டு இருந்தோம்ல சார்" என்றார் அக்கா. "இவங்களுக்குக் கிடைச்சிடுச்சு."

குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம்னு ரிப்போர்ட்ல இருக்கே" என்றார். அக்கா வரிசையில் புதிதாக நின்ற ஒருவருடைய சீட்டை வாங்கித் தட்டினார். அந்த மனிதர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுப்பதற்குள் நான் பெட்டியோடு வந்து நின்றேன். அவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"புது மிஷின் யாரு குடுத்தது?"

"அதே மிஷின்தான் சார்."

"அப்ப என்ன பண்ணீங்க?"

"தேடுறதை நிறுத்தினோம்" என்றார் அக்கா.

அவர்களுக்குப் புரியவில்லை. புரியவைக்க அக்காவுக்கு நேரமும் இல்லை. அதற்குள் வாட்ச்காரர் மேஜைக்கு முன்னால் வந்திருந்தார். அக்கா வளைந்திருந்த காலை நிமிர்த்தித் தங்கச் சட்டக் கண்ணாடியை நீட்டினார். அவர் அதை உடனே போட்டுக்கொள்ளவில்லை. முதலில் விரலால் திருகாணியைத் தடவிப் பார்த்தார்.

"திருகாணி லூசா இருக்கு. நானே முடுக்கிக்கிறேன்" என்றார். பிறகு போட்டார்.

கண்ணை இரண்டு முறை சிமிட்டினார். அக்காவைப் பார்த்தார். "நீங்கதானா அது? குரலை வெச்சு இன்னும் குண்டா நினைச்சிருந்தேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பி, எதிரே நின்ற செயலாளரின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் மணிக்கட்டைப் பார்த்தார்.

"சார், உங்க வாட்ச் நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது."

செயலாளர் கையைத் தூக்கிப் பார்த்தார். ஒத்துப் பார்த்தார். வாட்சைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.

"எப்ப கிடைக்கும்?"

"திங்கக்கிழமை வாங்கிக்கோங்க. எனக்கு இனிமே திங்கக்கிழமையில வேற வேலை இல்ல."

குழு வேறு எதையும் விசாரிக்கவில்லை. போகும்போது செயலாளர் என் தொட்டியடியில் நின்று, "சக்கர நாற்காலிக்கு வராண்டாவுல ஒரு கூரை போட்டுடலாம்" என்றார், என்னிடம் அனுமதி கேட்பதுபோல. சரி சார் என்றேன்.

இன்னும் முந்நூற்று நாற்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு வியாழனும் புதிதாக வந்ததைப் பதிந்த கையோடு, அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று பார்க்கிறோம். ஒரு வாரம் இரண்டு பேர், ஒரு வாரம் ஐந்து பேர். கிடைக்காத வாரமும் உண்டு. அந்தப் பழைய சீட்டு மறுபடி பர்ஸுக்குள் போகவில்லை. திரைக்குக் கீழேயே சாய்ந்திருக்கிறது. காலையில் நான் கம்ப்யூட்டரைத் துடைக்கும்போது அதையும் எடுத்துத் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பேன்.

அந்தச் சனிக்கிழமை கூட்டம் கலையும்போது மணி இரண்டு. அக்காவை உட்காரவைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கலாம் என்று டம்ளரோடு போனேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரிடம் கையை நீட்டியிருந்தார்.

"சீட்டைக் குடுங்க. பவர் என்ன?"